வானத்து வெளிச்சவீடுகளும் பங்குக் கிணறும்



வானொலி கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு சங்கதியை நான் விரித்துக் கூறவேண்டியதில்லை. இரவு வேளையில் மத்திய அலையிலே முள்ளைத் திருப்பும்போது, நாம் நாடிய நிலையத்தின் குரலோடு கடல் கடந்த வேறொரு நிலையத்தின் குரலும் கலந்துவந்து, ஈற்றில் இரண்டுமே விளங்காமற் போவதுண்டு. பெரும்பாலும் நாடகம் நல்ல கட்டத்தை அடையும் வேளை பார்த்தே இது நடக்கும். இருவர் ஒரே அலையிற் பேச முற்பட்டதன் விளைவு அது.

1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி எட்வேட் ஹார்ப்பர் என்னும் தந்திப் பகுதிப் பொறியியலாளரின் முயற்சியாற் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியபோது, இந்தத் தொல்லை இங்கே பெரிதாக இருந்திருக்க முடியாது. நெருக்குவதற்கு அண்டை அயலில் நிலையங்கள் மிகச் சில. ஐம்பது ஆண்டுகளின் பின் நிலைமை வேறாயிற்று. 1975இல் ஜெனீவாவிலே மாநாடு கூடி, ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களின் மத்திய அலை நிலையங்களையெல்லாம் ஒன்பது கிலோஹேர்ட்ஸ் இடைவெளியிலே வரிசைப்படுத்திற்று. 1978 நவம்பர் 23ஆந் திகதி அவ்வேற்பாடு நடைமுறைக்கு வந்தபோது, பல நாடுகளில் நேயர்கள் தங்கள் பெட்டியின் முள்ளைச் சற்றே நகர்த்தி வைக்க வேண்டியதாயிற்று. அவ்வளவுதான் அவர்கள் கண்ட மாற்றம். ஆனால் அந்தச் சிறு நகர்வுக்குப் பின்னே பல ஆண்டுப் பேரமும் கணக்கும் இருந்தன.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதே வகையைச் சேர்ந்தது. ஆனால் ஒலிபரப்பைப் பற்றியதன்று. நாம் நிற்கும் இடம் எது என்பதை நமக்கு அறிவிக்கும் செய்மதிகள், எந்த அலையிலே பேசவேண்டும் என்பதை யார் தீர்மானிக்கின்றார்கள்? அத்தீர்மானத்தில் நமக்குப் பங்கு உண்டா? இவையே கேள்விகள்.

வெள்ளவத்தையில் வாழும் ஒருவர் கொட்டாஞ்சேனையில் உள்ள உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் புறப்படுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். முன்னாளில் அவர் காலி வீதிக்கு வந்து, கையை நீட்டி, முச்சக்கர வண்டிக்காரரோடு கூலி பேசித்தான் ஏறவேண்டும். இன்று கைத்தொலைபேசியை எடுத்து ஒரு பொத்தானைத் தொடுகின்றார். வண்டி வாசலுக்கு வருகின்றது. ஏறத்தாழ ஆறு மைல் தூரத்தையும், புறக்கோட்டை நெரிசலைத் தவிர்க்கும் குறுக்கு வழியையும் படமே காட்டிவிடுகின்றது. படத்தின் நடுவே ஒரு நீலப் புள்ளி. அதுதான் அவர்.

அந்தப் புள்ளி அங்கே வருவதற்கு, குறைந்தது நான்கு செய்மதிகளின் குரலை அத்தொலைபேசி ஒரே வேளையிற் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்கச் செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓயாமற் கூறுவது இரண்டே செய்திகள்: “நான் இருக்கும் இடம் இது, இப்போது மணி இது.” அக்குரல் நம்மை வந்தடைய ஒரு செக்கனின் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் செல்கின்றது. எத்துணைத் தாமதித்து வந்தது என்பதைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகின்றது. மூன்று தூரங்கள் இடத்தைக் காட்டும். நான்காவது, தொலைபேசியின் மலிவான கடிகாரத்தைத் திருத்தும். இக்கணக்கிலே ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், இடம் 300 மீற்றர் பிசகிவிடும். வெள்ளவத்தைக் காலி வீதியில் நிற்பவரைக் கடலோரத்து இரயில் பாதையிலே கொண்டுபோய் நிறுத்த அது போதும்.

இனி, அக்குரலின் வலிமையைப் பாருங்கள். செய்மதியிலிருந்து அது புறப்படும்போது வீட்டு மின்குமிழ் ஒன்றின் வலுவளவுதான். நம்மிடம் வந்து சேரும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவே எஞ்சும். இத்துணை மெல்லிய குரலைக் கேட்கவேண்டுமானால் அயலிலே ஒருவரும் சத்தமிடக்கூடாது. அலைப் பங்கீடு என்னும் பிரச்சினை முழுவதற்கும் வேர் இதுதான்.

கொழும்பு மக்களுக்கு இதைவிட எளிய உவமை ஒன்று உண்டு. கோட்டையிலே மணிக்கூட்டுக் கோபுரமாக எழுந்து, 1867 முதல் வெளிச்சவீடாகவும் பணிபுரிந்த கட்டடத்தை நீங்கள் அறிவீர்கள். சுற்றிலும் உயர்ந்த மாளிகைகள் எழுந்து அதன் ஒளியை மறைத்தபடியால், 1952இல் கடலோரத்திலே புதிய வெளிச்சவீடு கட்டவேண்டி வந்தது. பழைய விளக்கு கெட்டுப்போகவில்லை. அதன் முன்னே வேறு பொருள்கள் வந்து நின்றன. வானத்து வெளிச்சவீடுகளுக்கும் அதே ஆபத்து. கட்டடத்துக்குப் பதிலாக, பிறருடைய வானொலி அலைகள்.

செய்மதி கொண்டு இடமறியும் எண்ணத்துக்கும் இக் கொழும்பு நகருக்கும் ஒரு தொடர்பு இருக்கின்றது. 1956 முதல் இலங்கையைத் தம் வீடாக்கிக்கொண்டு, 2008இல் இந்நகரிலேயே காலமாகிப் பொறளைக் கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்ட ஆதர் சி. கிளார்க் அவர்களை யாவரும் அறிவர். செய்மதி வழியாக ஒலிபரப்புச் செய்யலாம் என்று 1945இல் அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 1956இல் அவர் எழுதிய ஒரு கடிதம் அத்துணைப் பேசப்படுவதில்லை. உலகில் எவரும் கைக்கடிகாரம் அளவான கருவியொன்றைக் கொண்டு தாம் நிற்கும் இடத்தை அறியும் காலம் வரும் என்று அதிலே குறிப்பிட்டார். முதற் செய்மதி வானத்துக்கு ஏறுவதற்கு முந்திய ஆண்டு அது. கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. பொறியியலாளருக்கன்று, வான்வெளிச் சட்டத்தில் முன்னோடியான அன்ட்ரூ ஹேலி என்னும் அமெரிக்க வழக்கறிஞருக்கு. கருவி பிறக்குமுன்பே வழக்கறிஞர் பிறந்துவிட்டார் என்று நகைக்கலாம். ஆனால் அலையைப் பங்கிட்டு வைக்காவிட்டால் கருவி பயன்படாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அலைகளைப் பங்கிடும் அதிகாரம், ஜெனீவாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கு உரியது. 1865இலே பாரிஸில் தந்திக்காகத் தோன்றியது அது; இன்று 194 நாடுகள் அதில் அங்கம் வகிக்கின்றன. உலகை அது மூன்று பிரதேசங்களாகப் பிரித்திருக்கின்றது. இலங்கையும் இந்தியாவும் மூன்றாம் பிரதேசத்தைச் சேர்ந்தவை. விண்வெளி ஆராய்ச்சிக்கென்று சில அலைகள் 1959ஆம் ஆண்டு மாநாட்டிலே முதன்முதல் ஒதுக்கப்பட்டன. 1963 ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே விண்வெளித் தொடர்புக்கெனவே கூடிய சிறப்பு மாநாடு, செய்மதி வழி இடமறிதலை ஒரு தனிச் சேவையாக ஏற்று அதற்கும் இடம் அளித்தது. அப்போது அமெரிக்கக் கடற்படையின் ‘ட்ரான்சிற்’ செய்மதிகள் 150, 400 மெகாஹேர்ட்ஸ் மீடிறன்களிலே பேசிக்கொண்டிருந்தன. இன்றைய ஜி.பி.எஸ். முறையின் முதன்மையான மீடிறன் 1575.42 மெகாஹேர்ட்ஸ். அதைச் சூழ்ந்த 1559 முதல் 1610 வரையுள்ள பரப்பே இவ்வுலகில் இடமறிதலின் உயிர்நாடி எனலாம்.

இப் பங்கீடு எப்படி நடக்கின்றது? யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றை நினைத்துக்கொண்டால் அது எளிதாக விளங்கும். வெள்ளவத்தையிலே அடுக்குமாடியில் வாழ்ந்தாலும், ஊரிலுள்ள காணியின் உறுதியிலே கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருப்பதை மறவாதவர்கள் பலர். கிணறு ஒன்று, பங்காளிகள் பலர். யார் எந்த நாள் இறைப்பது என்று முறை உண்டு. ஒருவர் முறையில் இன்னொருவர் இறைத்தால் வழக்கு. துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் வழக்குகள் குறைவு. நீர் இறைக்கும் இயந்திரம் வந்தபின் அதிகம். ஏனெனில் வலிமையான இயந்திரம் உடையவர், தம் முறையிலேயே கிணற்றை வற்றச் செய்துவிடலாம்.

1997ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டிலே இப்படியொரு வழக்கு எழுந்தது. 1559 முதல் 1567 வரையுள்ள துண்டைச் செய்மதித் தொலைபேசிச் சேவைக்கும் பொதுவாக்க வேண்டும் என்று சில நாடுகள் கேட்டன. அத்துண்டு அப்போது நிரம்பப் பயன்படாமற் கிடந்தது என்பது அவர்கள் வாதம். வெறும் வளவு போலத் தோன்றினும் அது வேலியின் உட்புறம் அல்லவா? விமானப் போக்குவரத்துத் துறையினர் இதை எதிர்த்தனர். ஆராய்ந்து பார்ப்போம் என்று ஒத்திவைக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு மே மாதம் இஸ்தான்புல் நகரிலே கூடிய மாநாட்டிற் கோரிக்கை கைவிடப்பட்டது. தம் நாட்டின் வானொலி அதிகாரிகளிடம் விமானத் துறையினர் தக்க வேளையிலே சென்று பேசியதனால் வந்த பயன் அது.

அதே இஸ்தான்புல் மாநாடு வேறொரு கதவைத் திறந்தது. 1164 முதல் 1215 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள பரப்பு இடமறியும் செய்மதிகளுக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்டது. ஆனால் அங்கே பழைய குடியிருப்பாளர் உண்டு. விமானநிலையத்துக்கு எத்துணைத் தூரம் என்று விமானிக்கு அறிவிக்கும் தரைக்கருவிகள் அந்தப் பரப்பிலே நெடுங்காலமாக இயங்கிவருகின்றன. அவற்றை எழுப்பிவிட முடியாது. ஆகவே 2003ஆம் ஆண்டு மாநாடு ஒரு புதுமையான விதியைச் செய்தது: எல்லா நாட்டுச் செய்மதிகளும் சேர்ந்து எழுப்பும் மொத்தச் சத்தம் ஒரு குறித்த எல்லையைத் தாண்டக்கூடாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவன்று, கூட்டு அளவு. செய்மதி உடைய நாடுகள் காலத்துக்குக் காலம் ஒன்றுகூடி, தத்தம் கணக்கை மேசைமேல் வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். போட்டியும் ஐயமும் மிகுந்த அரசுகள் இந்தக் கணக்கை ஒழுங்காகப் பார்த்து வருகின்றன என்பது, என் எண்ணத்திலே, நாள்தோறும் நாம் கேட்கும் பல செய்திகளைவிட வியப்பானது.

இனி, முந்தியவருக்கே முதலிடம் என்னும் விதியைக் கூறவேண்டும். ஒரு நாடு தான் பயன்படுத்தப்போகும் மீடிறனை ஒன்றியத்திலே பதிவுசெய்து, குறித்த காலத்துள் வானத்திலிருந்து உண்மையாகவே அலையை வீசிக் காட்டவேண்டும். தவறினால் முன்னுரிமை போய்விடும். காணிக்கு விண்ணப்பித்துவிட்டுக் குடிசை போடாதவர் கதைதான். ஐரோப்பாவின் ‘கலிலியோ’ திட்டத்துக்கு 2006 ஜூன் மாதம் கெடுவாக இருந்தது. திட்டமோ பணத் தகராறுகளாற் பின்தங்கிக் கிடந்தது. ஆகவே இங்கிலாந்தின் சரே பகுதியிலே, சிறிய செய்மதிகளைச் செய்வதிற் பேர்பெற்ற நிறுவனம் ஒன்றிடம் அவசரமாக ஒன்றைச் செய்வித்து, ‘ஜியோவ்-ஏ’ என்று பேரிட்டு, 2005 டிசம்பர் 28ஆந் திகதி கசக்ஸ்தானின் பைக்கனூரிலிருந்து ஏவினார்கள். 2006 ஜனவரி 12ஆந் திகதி அது பேசத் தொடங்கிற்று. குடிசை போட்டாயிற்று, காணி காப்பாற்றப்பட்டது.

சீனத்தின் கதை இதனினும் பரபரப்பானது. ‘பெய்டொவ்’ முறைக்காக 2000 ஏப்ரிலிலே பதிவுசெய்த அந்நாட்டுக்கு, 2007 ஏப்ரில் நடுப்பகுதியிற் கெடு முடிய இருந்தது. ஏப்ரில் 14ஆந் திகதிதான் செய்மதி ஏவப்பட்டது. கெடு முடிய நான்கு மணித்தியாலங்கூட இல்லாத வேளையில் அதன் குரல் தரையிலே கேட்டது என்று அந்நாட்டுப் பொறியியலாளர் கூறுவர். இருதரப்பாரும் விரும்பிய மீடிறன்கள் சில ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தமையால், இந்த ஓட்டம் வெறும் சடங்காக இருக்கவில்லை.

இவ்விதி நேர்மையானதா? செய்மதி செய்ய வல்லவர்கள் முந்திக்கொள்வார்கள். வல்லமை வரும் காலத்தில் நமக்கு மிச்சம் இராது என்று சிறிய நாடுகள் நெடுங்காலமாகக் குறைகூறி வந்திருக்கின்றன. குறையிலே நியாயம் உண்டு. நிலையாக ஒரே இடத்தின்மேல் நிற்கும் சில வகைச் செய்மதிகளுக்கு, கேளாத நாடுகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கும் திட்டங்கள் அதன் பயனாகவே உண்டாயின. இடமறியும் சேவையில் அப்படியான ஒதுக்கீடு இல்லை. ஆனால் இங்கே நம் நிலை சற்று வேறுபட்டது என்பேன். ஒளிவீசும் விளக்கு நம்முடையதன்று. ஆயினும் ஒளியைக் கொண்டு வழிநடப்போரில் நாமும் உள்ளோம். நமக்கு வேண்டியது, புதிய விளக்கேற்றும் உரிமையினும், உள்ள விளக்கை எவரும் மறையாதிருக்கும் உறுதி.

அயலவரும் இன்று இதே கிணற்றில் இறைக்கின்றார். இந்தியாவின் ‘நாவிக்’ முறை அந்நாட்டையும் அதன் எல்லையிலிருந்து 1,500 கிலோமீற்றர் வரையுள்ள பரப்பையும் நோக்கியது. இலங்கை முழுவதும் அதனுள் அடங்கும். 2013இல் அதன் முதற் செய்மதி ஏவப்பட்டபோது, அது பேசியது 1176.45, 2492.028 மெகாஹேர்ட்ஸ் மீடிறன்களில் மட்டுமே. சாதாரணக் கைத்தொலைபேசிகள் அப்போது கேட்டுக்கொண்டிருந்ததோ 1575.42ஐ. 2023 மே 29ஆந் திகதி ஏவிய செய்மதியிலிருந்துதான் பொது மீடிறனிலும் அது பேசத் தொடங்கியது. ஒரே மீடிறனில் அமெரிக்கரும் ஐரோப்பியரும் சீனரும் இந்தியரும் பேசினாற் குழம்பாதா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு செய்மதிக்கும் தனிக்குறியீடு உண்டு. ஒரே கூடத்தில் நால்வர் தாழ்ந்த குரலிலே நான்கு மொழி பேச, தமிழறிந்தவர் தமிழைமட்டும் பிரித்துக் கேட்பதுபோல, கருவி பிரித்தறிகின்றது. இங்ஙனம் ஒத்துவாழ்வதற்கு 2004 ஜூனிலே அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட உடன்படிக்கை வழிகாட்டியது. ருஷியரின் ‘குளோனாஸ்’ முறையோ வெவ்வேறு மீடிறன்களைக் கையாண்டது. அவற்றுட் சில, வானியலறிஞர் விண்மீன்களிடையேயுள்ள ஐதரொட்சில் மூலக்கூறுகளின் மெல்லொலியைக் கேட்கும் 1612 மெகாஹேர்ட்ஸ் பரப்பிலே புகுந்துவிட்டன. 1993இல் இணக்கம் கண்டு, கட்டங்கட்டமாக அவர்கள் கீழே இறங்கினார்கள்.

கிணற்றடிக்குப் பெரிய இயந்திரம் கொண்டுவந்தவர் கதையும் உண்டு. அமெரிக்காவிலே ‘லைற்ஸ்குவெயர்ட்’ என்னும் கம்பனி, 1559க்குச் சற்றுக் கீழேயுள்ள பரப்பிலே, செய்மதியின் மெல்லிய குரலுக்குப் பதிலாகத் தரைக் கோபுரங்களிலிருந்து வலிய அலைகளை வீச அனுமதி கேட்டது. 2011 ஜனவரியில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. சோதித்தபோது, தம் மீடிறனுக்குள் நின்றே அது பேசினாலும், அயலிலுள்ள இடமறி கருவிகளின் காது அடைபட்டது. 2012 பெப்ரவரியில் அனுமதியை நிறுத்த ஆணையம் முற்பட்டது. வேலியைத் தாண்டாமலே அயலவரை வருத்தலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

இவையெல்லாம் சட்டத்துக்குள் நடந்த வழக்குகள். இன்று வருத்துவது சட்டத்துக்குப் புறம்பானது. போர் நடக்கும் இடங்களிலே, எதிரியின் ஏவுகணைகளையும் ஆளில்லா விமானங்களையும் வழிதவறச் செய்வதற்காக, இம்மீடிறன்களில் வேண்டுமென்றே இரைச்சலை வீசுகின்றார்கள். அல்லது பொய்யான குரலை அனுப்புகின்றார்கள். பால்டிக் கடலிலும், கருங்கடலிலும், பாரசீக வளைகுடாவிலும் கப்பல்கள் படத்திலே தரைமேல் நிற்பதாகத் தோன்றுகின்றன. 2023 டிசம்பரில் துபாய் மாநாடு இவ்விரைச்சலைத் தடுக்கவேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. 2025 மார்ச்சிலே தொலைத்தொடர்பு ஒன்றியமும், சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பும், சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து கவலை தெரிவித்து அறிக்கை விடுத்தன. ஆயினும் ஒன்றியத்திடம் காவற்படை இல்லை. அதன் யாப்பின் 48ஆம் உறுப்புரை, படைத்துறை வானொலி நிலையங்கள் விடயத்தில் நாடுகளுக்கு முழுச் சுதந்திரம் அளிக்கின்றது. இயன்றவரை பிறருக்கு இடையூறு செய்யாதிருக்க வேண்டும் என்பதே அதனோடு சேர்ந்த கட்டுப்பாடு. ‘இயன்றவரை’ என்னும் அச்சொல்லின் வழியாகத்தான் எல்லா இரைச்சலும் புகுந்துவிடுகின்றது.

இது தூரத்துச் செய்தி என்று நாம் இருந்துவிட முடியாது. கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்து மீன்பிடித் துறையிலே பாருங்கள். பலநாள் படகுகள் அங்கிருந்து ஆழ்கடலுக்குச் செல்கின்றன. பிறர் கடலிலே மீன் பிடிப்பதைக் கட்டுப்படுத்தவில்லை என்று குற்றஞ்சாட்டி, 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனுக்குத் தடை விதித்தது. ஆழ்கடற் படகுகளில் செய்மதி வழியாக இடத்தை அறிவிக்கும் கருவிகளைப் பொருத்தியது முதலான நடவடிக்கைகளின் பின்னரே, 2016 ஜூனில் அத்தடை நீங்கிற்று. அக்கருவி பொய்யான இடத்தைக் காட்டினால், படகோட்டி எல்லை தாண்டியவராகி விடுவார். தாம் தாண்டவில்லை என்று அவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்? 

இந்நாட்டிலே அலைகளின் பொறுப்பு, 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் கூறுமாறு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் இருக்கின்றது. சர்வதேச மாநாடுகளில் நம் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் தலைக்கு ஒரே வாக்கு. பெரும்பாலும் வாக்கெடுப்பின்றி இணக்கமாகவே முடிவு காணப்படுமாயினும், இணங்காதவர் இருக்கின்றார் என்று தெரிந்தாலே பேச்சின் போக்கு மாறிவிடும். ஆசிய பசிபிக் நாடுகள், பாங்கொக்கிலே தலைமையகம் உள்ள தங்கள் தொலைத்தொடர்பு அமைப்பின் வழியாக, மாநாட்டுக்கு முன்பே கூடித் தம் பொதுக் கருத்தை உருவாக்குகின்றன. இலங்கையும் அதில் ஓர் அங்கம். அடுத்த உலக மாநாடு 2027ஆம் ஆண்டுக்கு உரியது. அதற்கு முந்திய கூட்டங்களில் நம் பிரதிநிதிகள் எதை எடுத்துக்கூறுவர் என்பது, இங்குள்ளோர் அவர்களுக்கு எதை அறிவித்தார்கள் என்பதைப் பொறுத்தது. 1997இலே விமானத் துறையினர் செய்ததை, இன்று துறைமுகத்து வழிகாட்டிகளும் மீன்பிடிச் சங்கங்களும் செய்யலாம். கருவி திடீரெனக் குரலிழந்தாலோ, படகைத் தரைமேற் காட்டினாலோ, அது நடந்த திகதி, நேரம், கடலின் எப்பகுதி, எத்தனை நிமிடம் நீடித்தது, அயற்படகுகளிலும் அவ்வாறே நிகழ்ந்ததா என்பவற்றை ஒரு கொப்பியிலே குறித்து ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைக்கலாம். ஜெனீவாவுக்கு முறைப்பாடு செய்யும் நாடு முதலிற் கேட்கப்படுவது இந்த விபரங்களைத்தான்.